ட்ரெயின் ஹோஸை அடைத்த போல்ட்

நாலு மாதத்தில் ஒரே மெஷினில் இரண்டு ஸ்பிண்டில் போயின. டூலைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற தண்டுதான் ஸ்பிண்டில். முதலாவது மாசியில், அடுத்தது ஆனியில். கோவையில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை, பெயர் வேண்டாம். பராமரிப்பு என் தலையில் இருந்ததால் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான். முதல் தடவை தப்பான பதில் சொன்னேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்; அது இல்லாமல் இரண்டாவது ஸ்பிண்டில் போன கதை புரியாது.

மெஷின் ஒரு ஹாரிசான்டல் மெஷினிங் சென்டர்: புரோகிராம்படி உலோகத்தை வெட்டி ஓட்டை போடுவது, ஸ்பிண்டில் படுக்கைவாட்டில். பிடி-40 ஸ்பிண்டில், அதிகபட்சம் 12,000 ஆர்பிஎம், டூலின் நடு ஓட்டை வழியாக 70 பார் அழுத்தத்தில் கூலன்ட், அதாவது வெட்டுகிற இடத்தைக் குளிர வைக்கிற எண்ணெய் கலந்த தண்ணீர். 70 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 71 கிலோ உட்கார்ந்த மாதிரி. பம்ப் நின்ற இடத்தில் நிற்கிறது, ஹோஸ் நிற்கிறது, ஸ்பிண்டில் நொடிக்கு 200 சுற்று சுற்றுகிறது. ஸ்பிண்டிலுக்கு நடுவே ஓடி டூலை இழுத்துப் பிடிக்கிற கம்பிக்கு டிராபார் என்று பேர். அசையாத ஹோஸிலிருந்து சுற்றுகிற டிராபாருக்குள் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஜாயின்ட்டுக்கு ரோட்டரி யூனியன் என்று பேர். டிராபாரின் வாலில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருக்கும். பின்பக்கக் கவரைக் கழற்றினால் ஒழிய யார் கண்ணிலும் படாது. எங்கள் கண்ணிலும் ஒன்பது வருடம் படவில்லை.

முதல் ஸ்பிண்டில் போனபோது சத்தம்தான் முதலில் வந்தது. 8,000-ஐத் தாண்டினால் ஒரு ஊளை. இரண்டே நாளில் ஹவுசிங்கில் கை வைக்க முடியாத சூடு. கழற்றி ரீபில்டுக்கு அனுப்பினோம். அங்கிருந்து போன் வந்தது: "தண்ணி எறங்கீருக்குதுங்க. கிரீஸு மோராட்டம் இருக்குது."

தண்ணி இறங்கினால் மூக்கு, அதாவது டூல் மாட்டுகிற முன்முனை, வழியாகத்தான் இறங்கும் என்பது எங்கள் பட்டறையில் வேதவாக்கு. கூலன்ட் அடிப்பதும் அங்கேதானே. மூக்கில் லேபிரிந்த் என்கிற வளைந்து வளைந்து போகும் இடுக்கு உண்டு, அதற்குள் காற்று ஊதி வெளியே தள்ளும் ஏர் பர்ஜும் உண்டு. அதன் பிரஷரைப் பார்த்தேன், கொஞ்சம் குறைவாக இருந்தது. ரெகுலேட்டரை மாற்றிவிட்டு, "காரணம்: ஏர் பர்ஜ் குறைவு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தேடிப் போகிறவனுக்கு எங்கேயாவது ஏதாவது குறைவாகத்தான் இருக்கும்; கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

யூனியனும் கசிகிறது என்று தெரிந்தது. அது வேறு வியாதி என்று நினைத்து அதையும் மாற்றினோம். அசல் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பழையதின் மரையை அளந்தோம்: எம்16, 1.5 பிட்ச், இடது மரை. அதே மரையில் உள்ளூரில் பாதி விலைக்கு ஒன்று கிடைத்தது. வாங்கி மாட்டி மெஷினை ஓட விட்டோம். பழையதைத் தூக்கிப் போடாமல் பீரோவில் வைத்தேன். அந்த ஒரு காரியம்தான் மாசியில் நான் உருப்படியாகச் செய்தது.

ஆனியில் அதே ஊளை திரும்ப வந்தபோது ஸ்பிண்டிலோடு நானும் போனேன். பிரிக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். முன் பேரிங் ஜோடி முதலில் வெளியே வந்தது. கிரீஸ் நல்ல நிறம், விரலில் தேய்த்தால் வழுவழுப்பு, தண்ணீர் இறங்கிய அடையாளம் துளியும் கிடையாது. பிறகு பின் பேரிங். வெள்ளையும் மஞ்சளும் கலந்து, தண்ணி விட்டுக் கரைத்த மோர்க்குழம்பு மாதிரி ஒன்று பந்துகளுக்கு நடுவே இருந்தது. உள் வளையத்தில் துரு பொட்டுப் பொட்டாக.

"போன தடவையும் பின்னாடிதானுங்களா?" என்றேன்.

"ஆமாங்க. பின்னாடிதான். நீங்க கேக்கலீங்களே."

மூக்கு வழியாகத் தண்ணீர் வந்திருந்தால் முன் பேரிங்கை நனைக்காமல் பின் பேரிங்குக்குப் போயிருக்க முடியாது. நான் கையெழுத்துப் போட்ட காகிதம் அந்த நிமிஷமே செல்லாக்காசு. கேட்டிருந்தால் ஒரு போன் காலில் முடிந்திருக்கும். லட்சக்கணக்கில் ஒரு ரீபில்டும் மிஞ்சியிருக்கும்.

பட்டறைக்கு வந்து மெஷினின் பின்பக்கக் கவரைக் கழற்றினேன். யூனியன் ஒரு சின்ன அலுமினியப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்டியின் அடியில் ஒரு நிப்பிள், அதிலிருந்து ஒரு பிவிசி ஹோஸ். அதுதான் ட்ரெயின், வடிகால். யூனியனில் கசிகிற தண்ணீர் பெட்டியில் விழுந்து இந்த ஹோஸ் வழியாகக் கீழே டேங்குக்குப் போக வேண்டும். மெஷின் வந்த நாளில் அது நேராகக் கீழே இறங்கியிருக்கும். இப்போது யாரோ அதைக் கேபிள் ட்ரேக்கு மேலே ஏற்றி, டை போட்டுக் கட்டி, மறுபடி இறக்கியிருந்தார்கள். அதன் வாயில் டெஃப்லான் டேப் சுற்றிய ஓர் எம்10 போல்ட். போல்ட் நழுவாமல் இருக்க மேலே ஒரு ஹோஸ் கிளிப், ஸ்குரூ டிரைவரால் நன்றாக முறுக்கி.

கிளிப்பைத் தளர்த்தியதும் போல்ட் தெறித்து விழுந்தது. பின்னாலேயே ஒரு சொம்பு அளவு தண்ணீர், சாம்பல் நிறம், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடந்த டேங்கின் புளித்த நாற்றம்.

ஆபரேட்டர் தம்பியைக் கூப்பிட்டேன். ஒளிக்கவில்லை.

"அது பொங்கலுக்கு முன்னாடியே போட்டதுங்ணா. சொட்டிக்கிட்டே இருந்துச்சு. நைட் ஷிஃப்ட்ல அந்தப்பக்கம் போனா கால் வழுக்குது. ரெண்டு மூணு வாட்டி எழுதி வெச்சேன். யாரும் வரலீங்ணா. அடைக்காம என்னங்ணா பண்றது?"

லாக் புத்தகத்தைப் புரட்டினேன். மார்கழியில் மூன்று இடத்தில் அவன் கையெழுத்தில்: "பின்னாடி தண்ணி". மூன்றுக்கும் கீழே "பார்த்தேன்" என்று என் சுருக்கொப்பம்.

அந்தத் தண்ணீர் போன வழி இதுதான். ஹோஸ் அடைபட்டதும் பெட்டி நிரம்பியது. மட்டம் டிராபார் நுழைகிற ஓட்டை வரை ஏறியது. அந்த இடத்தில் இருப்பது தெறிக்கிற துளியைத் தடுக்கிற இடுக்கு. தேங்கி நிற்கிற தண்ணீரைத் தாங்குகிற சீல் அங்கே கிடையாது. அதன் மேல் டூல் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் டிராபார் முன்னே போய்ப் பின்னே வரும், சைக்கிள் பம்பின் தண்டு மாதிரி. நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அந்தத் தண்ணீரை நாங்களே உள்ளே அடித்திருக்கிறோம். போய்ச் சேருகிற முதல் இடம் பின் பேரிங்.

போல்ட் போட்டவனைத் திட்டுவது சுலபம். யூனியனுக்குள் இருக்கிற மெக்கானிக்கல் சீல் கசியவே கூடாது என்ற நினைப்பு அவனுக்கு மட்டுமா இருந்தது? எனக்கும் இருந்தது. கிணற்று மோட்டாரின் ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கிற கிளாண்ட் கயிறு போட்டவர்களுக்கு இது தெரியும். கிளாண்டில் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். சொட்டே வேண்டாம் என்று நட்டை இறுக்கினால் கயிறு கருகி, ஷாஃப்ட் ஸ்லீவில் பள்ளம் விழும். அந்தச் சொட்டுதான் கயிற்றைக் குளிர வைப்பது. ரோட்டரி யூனியனுக்குள் கயிறுக்குப் பதிலாக இரண்டு வளையங்கள், தோசைக்கல் மேல் தோசைக்கல் கவிழ்த்த மாதிரி முகத்துக்கு முகம் ஒட்டி இருக்கும். ஒன்று டிராபாரோடு சுற்றும், மற்றது நிற்கும். நிற்பதன் பின்னால் ஸ்பிரிங்கும் தண்ணீரின் அழுத்தமும் தள்ளும். முகங்களுக்கு நடுவே ஒரு மைக்ரான் அளவுக்கு, சில நேரம் அதற்கும் குறைவாக, கூலன்ட்டே ஒரு படலமாக நிற்கும். எங்கள் யூனியனில் முகத்தின் சராசரி விட்டம் 20 மில்லிமீட்டர். 12,000 ஆர்பிஎம்மில் அந்த முகங்கள் ஒன்றின் மேல் ஒன்று நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் உரசுகின்றன. மணிக்கு 45 கிலோமீட்டர், டவுன் பஸ் வேகம். படலம் இருக்கிற வரை உரசல் இல்லை. படலம் என்றால் அதில் கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். பெரும்பாலும் ஆவியாகப் போய்விடும், எப்போதாவது துளியாக வரும். அதற்காகத்தான் ஹவுசிங்கில் சுற்றிலும் ஓட்டை வைத்து, பெட்டி வைத்து, ஹோஸ் வைத்துக் கொடுக்கிறார்கள். காகித ஆலை டிரையர் சிலிண்டரின் ஸ்டீம் ஜாயின்ட்டிலும், எஃகு ஆலையின் காஸ்டிங் ரோலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் யூனியனிலும் அளவு வேறு, அழுத்தம் வேறு; உள்ளே இருக்கிற விஷயம் இதேதான்.

சரி, கசிவு இயல்பு. ஆனால் கால் வழுக்குகிற அளவு ஏன் கசிந்தது? அதுவும் ஒன்பது வருடம் சும்மா இருந்துவிட்டு?

பீரோவில் இருந்த பழைய யூனியனையும், ஆனியில் கழற்றிய புதியதையும் எடுத்துக்கொண்டு பம்ப் சீல்களின் முகத்தைத் தட்டையாகத் தேய்த்து, லேப்பிங் செய்து தருகிற ஒரு கடைக்குப் போனேன். கோவையில் பம்ப் இருக்கிற அளவுக்கு இந்தக் கடைகளும் உண்டு. இருட்டான ஒரு மூலையில் சோடியம் விளக்கு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சீல் முகத்தின் மேல் ஒரு தட்டையான கண்ணாடி வில்லையை வைத்தால் முகத்தில் கறுப்பு மஞ்சள் கோடுகள் தெரியும். கோடுகள் நேராக, சம இடைவெளியில் இருந்தால் முகம் தட்டை. ஒரு கோடு வளைந்து பக்கத்துக் கோட்டின் இடத்தை எட்டினால் முகம் அரை அலைநீளம், அதாவது 0.29 மைக்ரான், கோணல். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அதில் இருநூற்று நாற்பதில் ஒரு பங்கு. இதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

பழைய யூனியன் சிலிகான் கார்பைடுக்கு எதிரே சிலிகான் கார்பைடு. முகம் பொடிப்பொடியாகக் கீறி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். விளக்கில் வைத்தால் கோடுகள் கோலத்துக்கு இழுத்த கம்பிபோல நேர். கடைக்காரர் சிரித்தார். "இதைய எதுக்குங்க கழட்டுனீங்க? மொகம் புதுசாட்டம் இருக்குது."

முகத்தில் தப்பில்லை என்றால் பின்னால்தான் இருக்க வேண்டும். நிற்கிற வளையம் ஓர் ஓ-ரிங் மேல் முன்னும் பின்னும் லேசாக நகர வேண்டும். விரலால் தள்ளினார். நகரவில்லை. ஓ-ரிங் உட்கார்ந்த பள்ளத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பிசின். நகத்தால் சுரண்டினால் மணல்போலப் பொலபொலவென்று வந்தது. காந்தத்தைக் காட்டினோம், ஒட்டியது. இரும்புத் தூள். அதை ஒட்டி வைத்த வெள்ளைப் பசை, எங்கள் போர் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து கூலன்ட் எண்ணெயோடு சேர்ந்து உண்டாக்குகிற சோப்பு. சிறுவாணித் தண்ணியில் சோப்பு நுரைப்பதும் போர் தண்ணியில் திரிவதும் கோவை வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டேங்குக்குள்ளும் அதேதான் நடந்திருக்கிறது. வளையம் திறந்த நிலையிலேயே இறுகி மாட்டிக்கொண்டது. அழுத்தம் வந்தபோதும் போய் மூடவில்லை. முகம் புதுசாக இருந்ததற்கும் அதுவே காரணம்: கடைசி நாட்களில் அது எதையும் தொடவே இல்லை.

இங்கே ஒன்பது வருடக் கேள்விக்கும் பதில் கிடைத்தது. அத்தனை வருடமும் அந்த மெஷினில் அலுமினியம் ஹவுசிங் ஓடியது. ஆயுத பூஜைக்குப் பிறகு வேலை மாறியது. எஸ்ஜி அயர்ன் என்கிற வார்ப்பிரும்பில் வால்வ் பாடி, 8 மில்லிமீட்டரில் ஆழமான எண்ணெய் ஓட்டைகள். வேலை மாறியபோது ஃபிக்சர் மாறியது, டூல் மாறியது, புரோகிராம் மாறியது. கூலன்ட் ஃபில்டரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அலுமினியம் சுருளாக வரும், 50 மைக்ரான் பையில் நின்றுவிடும். வார்ப்பிரும்பு மாவாக வரும், அதன் பொடியில் பெரும் பகுதி அந்தப் பைக்குள் வாசல் திறந்த வீட்டில் நுழைகிற மாதிரி நுழைந்து மறுபக்கம் போகும். மூன்றே மாதத்தில் யூனியன் மாட்டிக்கொண்டது.

இரண்டாவது யூனியனுக்கு விளக்கே வேண்டியிருக்கவில்லை. அது கார்பனுக்கு எதிரே செராமிக். கார்பன் முகத்தில் அம்மைக் கொப்புளம் மாதிரி சின்னச் சின்னதாக எழும்பி வெடித்த வடுக்கள், ஓரம் உதிர்ந்திருந்தது. செராமிக் முகத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடுகிற மயிரிழை விரிசல்கள். காய்ந்து ஓடியதன் அடையாளம். அதை நான் கேட்டபோது கடைக்காரர் என்னையே திருப்பிக் கேட்டார்: "தண்ணி இல்லாம ஓட்டுவீங்களா?"

ஓட்டுவோம். ஃபேஸ் மில்லுக்கு உள் கூலன்ட் கிடையாது. மரை வெட்டுகிற டேப்புக்கும் கிடையாது. ஒரு பாடி முடிய ஆகிற நேரத்தில் பாதிக்கு மேல் யூனியனுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது, ஸ்பிண்டில் மட்டும் முழு வேகத்தில் சுற்றும். டூல் மாற்றும்போது அது உட்காருகிற கோனைச் சுத்தம் செய்ய அதே வழியில் காற்று வேறு வரும். மெஷின்காரர்கள் முதலில் போட்டுக் கொடுத்த யூனியன் இதற்கென்றே செய்தது: அழுத்தம் இல்லாதபோது முகங்கள் விலகி நிற்கும், கூலன்ட் அழுத்தம் வந்தால்தான் ஒட்டும். விலகுகிற, ஒட்டுகிற அந்த நொடியில் நாலு சொட்டு கீழே விழும். அதனால்தான் ட்ரெயின் ஹோஸ் அந்த வகைக்கு உயிர். நான் வாங்கியதோ எப்போதும் ஸ்பிரிங் அழுத்தத்தில் மூடியே இருக்கிற வகை. தண்ணீர் எப்போதும் நிற்கிற இடத்துக்கு அது நல்ல சரக்கு, அதன் மேல் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் இல்லாமல் டவுன் பஸ் வேகத்தில் தேய்த்தால் எந்தக் கார்பனும் தாங்காது. இன்னொரு வகையும் உண்டு: தண்ணீர் வந்தால் மூடும், காற்று வந்தால் மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். கூலன்ட்டும் காற்றும் மாறி மாறிப் போகிற மெஷினுக்கு அது. மூன்றுக்கும் மரை ஒன்றாகவே இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரியும் இருக்கலாம்.

ஆக மாசியில் கசிந்ததும் ஆனியில் கசிந்ததும் வெளியே ஒரே தண்ணீர், உள்ளே வேறு வேறு சாவு. ஒன்று அழுக்கில், ஒன்று வறட்சியில். இரண்டையும் ஸ்பிண்டில் வரை கொண்டுபோய் விட்டது அந்த எம்10 போல்ட். ஹோஸ் திறந்திருந்தால் மாசியில் தரை நனைந்திருக்கும், நான் யூனியனை மாற்றியிருப்பேன், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

செய்த மாற்றங்களில் ஹோஸ்தான் முதலில். அரை அங்குலத்தை எடுத்துவிட்டு முக்கால் அங்குலம், உள்ளே தெரிகிற ஹோஸ், எங்கேயும் மேலே ஏறாமல் ஒரே சரிவாக. ஹோஸ் ஒரே ஓர் இடத்தில் தொங்கி வளைந்தாலும் அந்த வளைவில் தண்ணீர் நின்று பின்னால் அழுத்தம் கொடுக்கும். போல்ட் இல்லாமலே பாதி அடைப்பு அது. நுனியை டேங்கின் தண்ணீருக்குள் முக்காமல் ஒரு ட்ரேக்கு மேலே, நடந்து போகிறவன் கண்ணில் படுகிற உயரத்தில் விட்டோம்.

அசல் வகை யூனியனுக்கு ஆறு வாரம் காத்திருந்தோம். அதுவரை அந்த மெஷினில் உள் கூலன்ட் வேலையே கிடையாது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, நியாயம்தான். மாட்டும்போது டிராபார் வாலில் யூனியன் உட்காருகிற இடத்தில் டயல் வைத்து, கோணலாகச் சுற்றுகிறதா என்று பார்த்தோம். அங்கே ஆட்டம் இருந்தால் எத்தனை நல்ல முகமும் நொடிக்கு 200 தடவை தலையாட்டும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றவில்லை. மாசியில் சுற்றியிருந்தோம், பழக்கதோஷம். அங்கே சீல் செய்வது ஓ-ரிங்; டேப்பின் ஒரு நூல் பிரிந்து முகங்களுக்கு நடுவே போனால் அன்றைக்கே கசிவு. சப்ளை ஹோஸும் இழுத்துப் பிடிக்காமல் ஒரு வளைவோடு போக வேண்டும். டூல் மாறும்போது யூனியனும் டிராபாரோடு சேர்ந்து நகர்கிறது என்பதை விறைப்பான பைப் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஃபில்டரில் காந்த செப்பரேட்டர் முன்னால் வந்தது, பைக்குப் பதில் 20 மைக்ரான் கார்ட்ரிட்ஜ், இரு பக்கமும் கேஜ். அழுத்த வித்தியாசம் ஏறினால் மாற்ற வேண்டும். புரோகிராமில் ஒரு சின்னத் திருத்தம். ஆழ ஓட்டை டிரில் போடுகிறவர்கள் ஏற்கெனவே முன்கூட்டிப் போட்ட சின்ன ஆழப் பைலட் ஓட்டைக்குள் மெதுவாக நுழைந்து, கூலன்ட் திறந்து, பிறகு வேகம் ஏற்றுவார்கள். அதே வரிசையை உள் கூலன்ட் டூல் எல்லாவற்றுக்கும் வைத்தோம்: 500 ஆர்பிஎம், கூலன்ட், இரண்டு நொடி நிற்கிற ஜி04, பிறகு முழு வேகம். ஒரு பாடிக்கு பத்துப் பதினைந்து நொடி கூடுகிறது என்று புரோகிராமர் இன்றும் முனகுகிறார்.

மற்ற ஆறு மெஷினின் பின்பக்கக் கவரையும் கழற்றினோம். போல்ட் எதிலும் இல்லை. இரண்டில் ட்ரெயின் ஹோஸை டை போட்டு நெரித்து வைத்திருந்தார்கள்.

போர் தண்ணீர் மட்டும் இன்னும் அப்படியே. ஆர்ஓ வைக்கலாம் என்று தீபாவளியிலிருந்து பேச்சு. அதுவரை வாரத்துக்கு ஒருமுறை, திங்கள் காலை ஷிஃப்டில், ட்ரேயில் சேர்ந்ததை ஆபரேட்டரே அளந்து லாக்கில் எழுத வேண்டும் என்று வைத்தோம். சொட்டே இல்லாவிட்டாலும் அதை எழுத வேண்டும். முழுக்கக் காய்ந்திருந்தால் வளையம் மூடிய நிலையில் மாட்டிக்கொண்டதா என்று நான் போய்ப் பார்க்க வேண்டும். அளவுக்கு ஒரு டீ கிளாஸ். போன திங்கள் அந்தத் தம்பி எழுதியிருந்தது: "பின்னாடி தண்ணி - அரை கிளாஸ்." அதற்குக் கீழே "பார்த்தேன்" என்று எழுதுமுன் எழுந்து போய்ப் பார்த்தேன்.